காளிதாசனும் இருபத்தோரு அடி உயரத்துப் பொந்தும்

காளிதாசனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பாடாங் மேஹாவுக்கு அப்பால் இருக்கும் எங்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தொன்பது ஆண்டுகளாகக் குலை வெட்டுகிறார். இருபத்து நான்கு அடி அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று, பழுத்த குலையை மட்டும் அறுத்து இறக்குவது அவர் வேலை. கழி நீள நீள நுனி ஆடும். காளிதாசன் பிடித்தால் ஆடாது. அவரைப் பற்றி வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய நிறுவை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மழைமரம் நிற்கிறது. அதன் தண்டில் ஒரு பொந்து, தரையிலிருந்து இருபத்தோரு அடி நான்கு அங்குலம். 2024 டிசம்பரில் ஓர் இருவாச்சி ஜோடி அங்கே குடிவந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். தோட்டத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். கறுப்பு உடல், வெள்ளை வயிறு, மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வைத்தாற்போன்ற வெளிர்மஞ்சள் அலகு. பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைச் சேறும் எச்சமும் பழச்சதையும் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சுகள் பறக்கத் தயாராகும்வரை அது வெளியே வராது. ஆண்தான் அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

டிசம்பர் 29, மாலை ஐந்தே கால் மணிக்குப் பூச்சு முடிந்தது. நான் தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. மழைமானியைப் பார்த்து எழுத தினமும் அந்த வழியாகப் போகிறவன். மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து, மேலிருந்து விழுவதைக் குறித்துவந்தேன்: அத்தி விதை, வண்டின் இறக்கை ஓடு, நத்தைக் கூடு, ஒருமுறை ஓணான் வால்.

காலையில் செம்பனை வரிசைகளுக்கிடையே மூடுபனி அசையாமல் நிற்கும். யாரோ தொலைவில் பெரிய துணியொன்றை உதறுவதுபோல முதலில் சிறகுச் சத்தம் கேட்கும். பிறகு பனியின் ஓரிடம் கறுத்து, அலகு முளைத்து, ஆண் பறவையாகி மரத்தில் வந்து அமரும். காளிதாசன் வேலைக்குப் போகும் வழியில் கழியைத் தோளில் சாய்த்தபடி இதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சத்தம் போட்ட பிறகுதான் நகர்வார்.

ஜனவரி 20, திங்கட்கிழமை, காலை 7.40. பழம் ஏற்றிய லாரி ஒன்றில் அந்த ஆண் பறவை மோதி விழுந்தது. காளிதாசன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்துவந்தார். வனவிலங்கு இலாகாவிலிருந்து இஸ்ஸத் வந்தார். கூலிமில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். இறக்கையை விரித்துப் பார்த்தார்.

“எலும்பு உடையலண்ணே. மூட்டுதான் வீங்கியிருக்கு. பறக்க ரெண்டு மாசமாவது ஆகும். எங்க இடத்துல வச்சுப் பாத்துக்குறேன்.”

“அதுவரைக்கும் அவ?” காளிதாசன் மேலே கையைக் காட்டினார்.

“பூச்சை ஒடச்சு அதையும் தூக்கிட்டுப் போலாம். முட்டை எல்லாம் போயிடும். இல்லாட்டி யாராவது ஊட்டணும். இது என்ன கொண்டாந்துச்சோ அதையே, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ. அந்த ஒசரத்துக்கு யாரால முடியும்லா?”

காளிதாசன் கழியிலிருந்து அரிவாளைக் கழற்றத் தொடங்கினார். என்னிடமிருந்த பட்டியலைப் படித்துக் காட்டினேன். அத்திக்கும் வண்டுக்கும் நத்தைக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

அன்று மத்தியானம் அவர் மனைவி தேவகி லயத்து வீட்டிலிருந்து மரத்தடிக்கு வந்தார்.

“ஏங்க, என் அகப்பைய பாத்தீங்களா?”

“மேல பாரு.”

கழியின் நுனியில் தேவகியின் மர அகப்பை கட்டப்பட்டிருந்தது. அதில் மூன்று அத்திப்பழம். அது கீறலுக்கு ஓர் அங்குலம் முன்னால், காற்றில் நட்டுவைத்ததுபோல நின்றது. பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கீறலில் ஓர் அலகு முனை தெரிந்தது. ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு மறைந்தது.

“சோத்துக்கு நான் கைய விடவா?” என்றார் தேவகி. ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து வேளை. மண்டோர் நல்லவர்; பக்கத்துப் பிளாக்கிலேயே காளிதாசனுக்கு வேலை கொடுத்தார். அண்ணாந்து நிற்கும் அந்த நிமிடங்களைப் பற்றி ஒருமுறை காளிதாசன் என்னிடம் சொன்னார்: “கொஞ்ச நேரம் ஆனதும் கழி இருக்கிறதே தெரியாது ஐயா. என் கைதான் நீண்டு அங்க போயிட்ட மாதிரி இருக்கும். உள்ள இருக்கிற இருட்டு, சூடு எல்லாம் விரல்ல தெரியும்.” நிழலும் வெயிலும் அவர் முகத்தில் மாறி மாறி ஊரும். கீறலுக்குள் ஒரு கண் வரும். அவரைப் பார்க்கும். அவ்வளவுதான்.

ஜனவரி 31, மாலை 5.05. பொந்துக்குள் மெல்லிய கீச்சொலி கேட்டது. முட்டை பொரிந்துவிட்டது.

இங்கே காளிதாசனின் விரதத்தைச் சொல்ல வேண்டும். 2022இல் அவர் மகள் யோகேஸ்வரிக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. பிள்ளை பிழைத்தால் மூன்று தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். யோகேஸ்வரி இப்போது குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டு காவடி முடிந்துவிட்டது. மூன்றாவது பிப்ரவரி 11. நாற்பத்தெட்டு நாள் விரதத்தை டிசம்பர் 25 அன்று கழுத்தில் மாலை போட்டுத் தொடங்கியிருந்தார். அந்த நாட்களில் எறும்புச் சாரியைக்கூடத் தாண்டித்தான் நடப்பார்.

பிப்ரவரி 3 அன்று சாக்கில் பதினேழு கொண்டைக்கடலை கிடந்தது. ஊறவைத்தது, முழுசாக. உள்ளே இருந்தவள் ஒவ்வொன்றாக வெளியே துப்பியிருந்தாள். அப்போதுதான் ஏட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரி 20க்குப் பிறகு ஒரு வண்டு ஓடு இல்லை, ஒரு நத்தைக் கூடு இல்லை. பதினான்கு நாள் நானே எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் கேட்கவில்லை.

“காளிதாசா, பூச்சி கொடுக்கவே இல்லையா?”

அவர் தரையைப் பார்த்தார். “உசுரக் கொன்னு எடுத்துக் குடுக்கணுமே ஐயா. மாலை போட்டிருக்கேன். அதுக்குப் பதிலாத்தான் கடலை. இன்னும் எட்டு நாள். பூசம் முடிஞ்ச மறுநாளே குடுத்துடுறேன்.”

அடுத்த நாள் இஸ்ஸத் ஒரு போத்தல் நிறைய வெட்டுக்கிளியோடு வந்தார்.

“அண்ணே, அது என்ன உங்ககூட காவடி எடுக்கப் போகுதா? குஞ்சுக்குப் பழம் பத்தாது. எட்டு நாள் தாங்காது.”

“நீங்க குடுங்க தம்பி. கழிய எடுத்துக்குங்க. நான் தொட மாட்டேன்.”

இஸ்ஸத் கழியைத் தூக்கினார். நுனி ஒரு முழம் இப்படி, ஒரு முழம் அப்படி ஆடியது. அகப்பை மரப்பட்டையில் இடித்தது. கீறலில் தெரிந்த அலகு உள்ளே போய்விட்டது. நாற்பது நிமிடம் திரும்பி வரவில்லை. நானும் முயன்றேன். என் கையில் அகப்பை பொந்துவரை போகவே இல்லை. போத்தலை மரத்தடியில் வைத்துவிட்டு இஸ்ஸத் போனார். காளிதாசன் மாலையில் அகப்பை நிறையப் பப்பாளித் துண்டுகளை நீட்டினார்.

பிப்ரவரி 5, காலை 6.55. சாக்கில் ஒரு குஞ்சு கிடந்தது. கண் திறக்காதது, இறகில்லாதது, ஒரு கட்டைவிரல் நீளம். இரவில் இறந்ததைத் தாய் கீறல் வழியாக வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

காளிதாசன் உள்ளங்கையில் அதை எடுத்துக்கொண்டு நின்றார். பனி அப்போதும் விலகவில்லை. மரம், நிறுவை மேடை, அவர் எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. மேலே இன்னும் கீச்சொலி கேட்டது. ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லியது. அவர் வேரோரம் குழி தோண்டிக் குஞ்சைப் புதைத்தார். குழாயில் கை கழுவினார். பிறகு கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, நிறுவை மேடைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். நாற்பத்து மூன்றாவது நாள்.

வெட்டிப் போட்ட மட்டைகளை வரிசைக்கு வரிசை குவித்திருப்பார்கள். அந்தக் குவியல் ஒன்றைப் புரட்டி, குனிந்து, முதல் வெட்டுக்கிளியைப் பிடித்தார். தலையைக் கிள்ளுவதற்கு முன் ஏதோ சொன்னார். கையிலிருந்ததிடம் சொன்னாரா, ஆணியில் தொங்கியதைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அன்று ஆறு வேளை. வெட்டுக்கிளி முப்பத்தொன்று, அரணை இரண்டு. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

தைப்பூசத்தன்று லயமே சுங்கை பட்டாணிக் கோயிலுக்குப் போய்விட்டது. தேவகி பால்குடம் எடுத்துப் போனார். தோட்டத்தில் ஒரு வானொலிச் சத்தம்கூட இல்லை. மத்தியான வெயிலில் செம்பனை மட்டைகள் தாமாகவே உரசிக்கொண்டன. காளிதாசன் கழியைப் பிடித்து அண்ணாந்து நின்றார். உச்சியில் வெள்ளையாக வெளிச்சம். கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு அரைமயக்கத்தில் நடப்பவர்களின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதை அன்று அங்கே பார்த்தேன். ஆட்கள் இல்லை, மேளம் இல்லை. வேர்வை மட்டும் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் தேவகி திருநீறும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தார்.

“என்ன சொன்ன அவர்கிட்ட?” என்றார் காளிதாசன்.

“வேலையில இருக்காரு, அடுத்த வருசம் வருவாருன்னு சொன்னேன்.”

“ஏசினாரா?”

“ஒரே கூட்டம். சரியா காதுல விழல.”

மார்ச் மாதம் முழுவதும் குஞ்சுகளின் குரல் தடித்துக்கொண்டே வந்தது. கீறலில் ஒரே சமயத்தில் இரண்டு சின்ன அலகுகள் முட்டிமோதின. மார்ச் 24, காலை 7.20. தாய் உள்ளிருந்து பூச்சைக் கொத்தி உடைத்தாள். துண்டு துண்டாக மண் சாக்கில் விழுந்தது. எண்பத்தைந்து நாளுக்குப் பிறகு அவள் வெளியே வந்து, இறக்கையை விரிக்கத் தயங்கி, கிளையில் உட்கார்ந்தாள். பத்தரைக்குள் குஞ்சுகளும் வந்தன. இரண்டு. காளிதாசன் அவற்றை எண்ணினார். பிறகு வேரோரம் பார்த்தார்.

மார்ச் 29 அன்று இஸ்ஸத் ஆண் பறவை இருந்த கூண்டோடு வந்தார். நோன்புக் காலம்; உதடு காய்ந்திருந்தது.

“தம்பி, உங்களுக்கு நோன்பு. அதுக்கும் கடலைதான் குடுத்தீங்களா?” என்றார் காளிதாசன்.

“நான் என்ன காளிதாசனா? எலி குடுத்தேன்லா அண்ணே.”

கூண்டு திறந்ததும் ஆண் பறவை சற்று நேரம் தரையிலேயே நின்றது. செம்பனைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. அது தலையைச் சாய்த்தது. பிறகு அந்தத் துணி உதறும் சத்தம். காளிதாசன் அண்ணாந்தபடியே இருந்தார். அவருடைய இரண்டு கைகளும் இல்லாத கழியைப் பிடித்தபடி கொஞ்சம் உயர்ந்திருந்தன.

2026 பிப்ரவரி 1 அன்று அவர் மூன்றாவது காவடியை எடுத்தார். ஆணியில் தொங்கிய அதே மாலையைப் போட்டு, முதல் நாளிலிருந்து எண்ணி, நாற்பத்தெட்டு நாளும் முடித்து எடுத்தார். விடியற்காலையில் புறப்பட்டு, மாலை நாலரைக்குத் தோட்டத்துக்குத் திரும்பினார். உடம்பெல்லாம் திருநீறு. வீட்டுக்குள் போகாமல் நேரே மழைமரத்தடிக்கு வந்தார். ஜனவரி 6 முதல் பொந்து மறுபடியும் அடைபட்டிருந்தது.

“இன்னிக்கு எத்தன தடவ வந்தான் ஐயா?”

“இதுவரை பதினொன்று. கடைசியாக வாயில் ஒரு வண்டு.”

அவர் தலையாட்டினார். அகப்பை இப்போது தேவகியின் அடுப்படியில் இருக்கிறது. அதன் விளிம்பில் அலகு பட்ட தடம் நான்கு உண்டு. காளிதாசன் வேரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். 5.10க்குப் பன்னிரண்டாவது முறையாகச் சிறகுச் சத்தம் கேட்டது. அவர் கண் திறக்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் மெல்ல மடங்கி விரிந்தன.