பீப்பாய்களுக்கு இருந்த சாட்சி

சிவநேசன் அண்ணை போய்விட்டார் என்று அவர் மனைவி வசந்தி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் பல் வைத்தியரிடம் முறைக்காகக் காத்திருந்தேன். உள்ளே போய் வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. பல்வலி என்று நினைத்து வைத்தியர் தேற்றினார்.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் அவரை அறியாத தமிழர் குறைவு. யாராவது வீடு மாறினால் அலுமாரிகளை வாகனத்தில் கட்ட அவரைத்தான் கூப்பிடுவோம். இங்கே வருமுன் நான்கு வருடம் நோர்வேக் கப்பலொன்றில் வேலை செய்தவர். உருளைக்கிழங்கில் வடித்த, சீரகம் போல மணக்கும் அக்குவாவிட் என்ற சாராயத்தை அந்தக் கப்பல் மரப்பீப்பாய்களில் ஏற்றிச் செல்லும். விற்பதற்கல்ல. அவுஸ்திரேலியா வரை போய் அப்படியே திரும்பி வரும். கடலின் ஆட்டத்தில்தான் அது பதப்படுமாம்.

"சாராயத்துக்கு உலகம் சுத்திக் காட்டுறாங்கள் தம்பி. மனுசியை ஹொலண்டுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஏலாமல் கிடக்கு" என்பார். அக்கா முறைப்பார்.

எந்தக் கப்பலில் எப்போது போய் வந்தது என்று போத்தல் லேபிளின் உட்புறத்தில் அச்சடித்திருக்கும். தன் கப்பலின் பெயரும் தான் போன பயணத்தின் திகதியும் உள்ள போத்தல் ஒன்றை அண்ணை வைத்திருந்தார். சாராயம் மகள் பிறந்த அன்றே தீர்ந்துவிட்டது. வெறும் போத்தலில் அக்கா மணிபிளான்ட் வளர்த்தார்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது, கடலில் உழைத்த வருடங்களுக்கு ஆதாரம் கேட்டார்கள். கப்பல் வேலையைப் பதியும் அவருடைய கடலோடிப் புத்தகம், அவரை இங்கே கூட்டிவந்த ஏஜென்சிக்காரனோடு போய்விட்டது. அந்த வருடங்கள் இல்லையென்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. மொழிபெயர்க்க நான் போனேன். அண்ணை கோட் போட்டு, செடியைப் பிடுங்கிவிட்டு, அந்தப் போத்தலைக் கொண்டுவந்து அதிகாரியின் மேசையில் வைத்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது.

அதிகாரி அம்மா மரியாதையாகத்தான் சொன்னார்: "பீப்பாய்கள் போய் வந்ததற்கு இது ஆதாரம். நீங்கள் போனதற்கு அல்ல."

நான் தமிழில் சொன்னேன். அண்ணை போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பீப்பாயளைக் கட்டினது நான் எண்டு சொல்லும் தம்பி. புயலிலையும் ஒண்டுகூட உருளேல்லை எண்டும் சொல்லும்" என்றார்.

"நன்றி சொல்கிறார்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன். அந்த வருடங்கள் சேரவில்லை.

டிராமில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருப்பவருக்கு நன்றி என்ற அந்த ஒரு சொல் விளங்காதா?

"கோவமோ அண்ணை?"

"இல்லை. நன்றியும் சொல்லத்தானே வேணும்" என்றார், போத்தல் விழாமல் மடியில் பிடித்துக்கொண்டு.

தகனத்தன்று அயலவர்களான ஜெர்மன்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு விளங்க ஏதாவது சொல்லச் சொன்னார் அக்கா. இரண்டே வசனம்தான் சொன்னேன்: பீப்பாய்களைக் கட்டியவர் இவர். புயலிலும் ஒன்றுகூட உருளவில்லை.

அவர் கோபிக்காததுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. நன்றாக ஏசியிருந்தால், அவர் சொல்லச் சொன்னதை அன்று பின்னேரமே மறந்திருப்பேன்.