துணைப் பிரதமரின் பேனர்

எங்கள் பள்ளிப் பாராளுமன்றத்தில் நான் துணைப் பிரதமர். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால், பிரதமர் பதவிதான் வேண்டும். பிரதமராக இருந்தவனின் அப்பாவுக்கு ஆவடியிலிருந்து மாற்றல் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். அடுத்து நான்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

என்னைவிட உறுதியாக இருந்தவர் சித்தப்பா. பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவர். வீட்டில் அரசியல் என்றால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. தேர்தல் வைப்பார்களா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு எலெக்சனு? தலீவரு பூட்டா தொணைத் தலீவரு. பின்ன இன்னாத்துக்கு நம்மள குந்த வச்சிகீறாங்கோ?"

திங்கட்கிழமை பள்ளி வாசலுக்கு எதிரே பேனர். 'எங்கள் பிரதமரே வருக!' கைகூப்பியபடி நான். ஓரத்தில் என்னைவிடப் பெரிதாகச் சித்தப்பா. அம்மாவுக்கு மானம் போனது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

பிரார்த்தனை முடிந்ததும் மேடைப் படியில் காலை வைத்துவிட்டேன். சமூக அறிவியல் டீச்சர் கையமர்த்தினார். பிரதமர் விலகினால் அவரோடு அமைச்சரவையே கலைந்துவிடும், துணைப் பிரதமருக்குத் தனி உரிமை ஏதும் கிடையாது, யாருக்குப் பெரும்பான்மையோ அவர்தான் அடுத்த பிரதமர் என்றார். வகுப்புப் பிரதிநிதிகளைக் கை தூக்கச் சொன்னார். பெண்கள் கழிவறைக் குழாய்க்காகத் தலைமையாசிரியரை விடாமல் நச்சரித்த சுகாதார அமைச்சருக்குக் கைகள் மளமளவென்று எழுந்தன. எனக்காக எழுந்த சில கைகளில் ஒன்று என்னுடையது.

மாலையில் அழுதுகொண்டே டீச்சர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். சித்தப்பா பள்ளிக்கே போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"கூட இருந்தவங்களே கை தூக்கலியா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காட்டுப்பாக்கம், வேப்பம்பட்டு என்று கூட வேலை செய்பவர்களின் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்தாராம். இதுவரை அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை என்று சித்தி ஆச்சரியப்பட்டாள். எனக்காகத்தான் ஆள் திரட்டுகிறார் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அந்த மாதக் கடைசியில் அவருடைய சங்கத் தலைவர் ஓய்வு பெறுகிறார் என்பதும், சித்தப்பாவுக்கு முதல்முறையாகப் பயம் வந்திருந்தது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?