பதிவு செய்த சேவல்

புதுச்சத்திரத்துப் பண்ணையக்காரர் கந்தப்பன் சடுகுடுக் கோட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஊர் அணிக்குச் சேவல் படம் போட்ட பனியன் வாங்கிக் கொடுத்து, அந்தப் படத்தை வேறு யாரும் போடக் கூடாதென்று கல்கத்தாவில் தம் பெயருக்குப் பதிவும் செய்துகொண்ட மேதை அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷப் பொங்கல் பந்தயத்துக்குப் பள்ளிபாளையத்தாரும் சேவல் பனியனோடு வந்து இறங்கியதும் அவருக்கு ரத்தம் கொதித்தது.

"கழட்டுங்க! இல்லீனா கோர்ட்டுக்குத்தான் போகோணும்!"

"ஏனுங்க, எங்கூட்டுச் சேவல் கூவறதுக்கும் உங்களைக் கேக்கோணுங்களா?" என்றான் எதிரணித் தலைவன் செங்கோடன். சிரித்துக்கொண்டே எல்லாரும் கழற்றினார்கள்.

சட்டம் ஜெயித்த பெருமையில் கந்தப்பன் நாற்காலியில் சாய்ந்தார். வெற்றுடம்பில் வேர்வை வழிந்த பள்ளிபாளையத்தார் பிடிக்குப் பிடி வழுக்கி ஓடினார்கள். புதுச்சத்திரத்தாரையோ பதிவு பெற்ற பனியனைப் பிடித்தே மடக்கினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவருடைய ஆட்களே பனியனைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினார்கள்.