கிளாஸ்ல பாடாத பொண்ணு

வேங்கிக்கால்ல எங்க வீட்டு மாடியில சின்னப் பசங்களுக்குப் பாட்டு சொல்லித்தரேன். மொத்தம் எட்டு பேர். அதுல யாழினி மட்டும் ஆறு மாசமா வாயே திறக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்.

இன்னிக்கு மத்தியானம் டவுன் பஸ்ல வந்தேன். பின் சீட்ல யாரோ சரளி வரிசை பாடுறாங்க. சுருதி கொஞ்சம்கூட விலகல. திரும்பிப் பாத்தா, அம்மா மடியில யாழினி!

"கிளாஸ்ல மட்டும் ஏம்மா பாட மாட்டேங்குற?"

"பாட்றேனே மிஸ். டெய்லி பாட்றேன்."

"எனக்குக் கேக்கவே இல்லையே!"

"நீங்கதான் எங்களவிட ஜாஸ்தி சத்தமா பாட்றீங்களே மிஸ். அப்புறம் எப்படிக் கேக்கும்?"

அவங்க அம்மா அவ தொடையில கிள்ளிட்டு, "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றா மேடம்"னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்.

சாயங்காலம் கிளாஸ்ல எப்பவும்போல பசங்களோட சேர்ந்து பாடிட்டிருந்தேன். பாதியில டக்குனு நிறுத்திப் பாத்தேன்.

ஏழு பேரும் அப்படியே நிறுத்திட்டு என் வாயையே பாக்குறாங்க. போன வாரம் "இவனுக்கு நல்ல குரல்"னு நான் அவனோட அம்மாகிட்ட புகழ்ந்து தள்ளின பையனும்தான். யாழினி மட்டும் கண்ணை மூடிக்கிட்டு மீதி வரியைப் பாடி முடிச்சா.

கிளாஸ் முடியறப்போ தினமும் "இன்னிக்கு சூப்பரா பாடினீங்க"னு சொல்லித்தான் அனுப்புவேன்.

இத்தன நாளா யாரைச் சொன்னேன்?

பாட்டு டீச்சருங்க யாராவது இருந்தா சொல்லுங்க. உங்க கிளாஸ்ல யாரு பாடுறாங்க?