சும்மா நின்ற துப்பாக்கி

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தண்டையார்பேட்டையில் ஒரு வங்கிக்குக் கன்மேனாகப் போனேன். லைசென்ஸும் துப்பாக்கியும் சொந்தமாக இருந்தால்தான் அந்த வேலை. கையிலிருந்த பணத்தைப் போட்டுப் புது டபுள் பேரல் வாங்கினேன்.

ஒரு திங்கள்கிழமை காலை, சேஃப்டி போட்ட துப்பாக்கியை எப்போதும்போல் தரையில் ஊன்றினேன். வெடித்தது. சத்தியமாக விசையை நான் தொடவே இல்லை. கூரையில் ஓட்டை விழுந்தது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பணம் கட்ட வந்திருந்த காசிமேட்டு மீன்கார அம்மா தரையிலிருந்து எழுந்து காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இன்னா நைனா, சும்மா நிக்கிற துப்பாக்கி சுடுமா?"

அதைத்தான் நானும் எல்லாரிடமும் கேட்டேன். ஸ்டேஷனில் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க அஜாக்கிரதைதான். லைசென்ஸ் தேறுமான்னு விசாரிச்சாத்தான் தெரியும்" என்றார்கள். லைசென்ஸ் போனால் என் பிழைப்பே போச்சு. விற்ற கடைக்காரரோ, "இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வரலியே சார்" என்று கையை விரித்தார். பட்டாளத்தில் கோளாறு என்றால் பிரித்துப் பார்க்க ஆள் உண்டு. இங்கே யாரிடம் போவதென்றே புரியவில்லை.

என் மனைவிதான் வழி சொன்னாள். "மிக்சி பத்திக்கினா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறாங்க. துப்பாக்கின்னா மட்டும் இன்னாவாம்?"

போனேன். மனு எழுதித் தரும் வக்கீல் பொருளைக் காட்டச் சொன்னார். அது ஸ்டேஷனில் இருந்தது. "யாருக்காவது அடிபட்டுதா?" என்றார். ஸ்டேஷனில் நிமிர்ந்து சொன்ன "இல்லை"யை இங்கே தலைகுனிந்து சொன்னேன். யாரும் சாகாதது என் தப்பா என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் அவர், இதே கம்பெனி துப்பாக்கியில் கோளாறு கண்ட இன்னொருவர் பெயர் இருந்தால் மனு நிற்கும் என்றார்.

கொருக்குப்பேட்டையில், வங்கிப் பணம் ஏற்றும் வேனில் காவலுக்குப் போகும் ஒருவரிடம் அதே கம்பெனி துப்பாக்கி இருந்தது. விசாரித்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ரெண்டு தபா தானா வெடிச்சிக்கீது அண்ணாத்தே. வெளிய சொல்லிடாத. லைசென்ஸப் புடுங்கிட்டா வூட்ல அடுப்பு எரியாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். காவல்காரர் வேனில் ஏறி, தோட்டா போட்ட துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, குழல்மேல் தாடையை வைத்து உட்கார்ந்துகொண்டார். மனுவில் அவர் பெயரை எழுதினால் அவருடைய வேலை போய்விடும். எழுதாமல் விடவும் பயமாக இருந்தது.