பையை விட்டு இறங்கும் பாடம்

கிளிநொச்சிப் பக்கத்து ஜெயபுரத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கினேன். ஒன்பது பேர் வந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தாய்மார். எனக்குப் பொறுமை குறைவு. ஒரு வசனத்தை மூன்றாம் தரம் சொல்லவேண்டி வந்தால் குரல் உயர்ந்துவிடும். அதற்கும் சிரிப்பார்கள்.

வாசலோரக் கதிரையில் ஒரு அக்கா இருப்பார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கனடாவில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்ததால் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறார். மகன் எட்டு வயதில், போரின் கடைசி இடப்பெயர்வில் காணாமற்போனவன். ஊருக்கே தெரியும், யாரும் அதைக் கதைப்பதில்லை.

பாடப் புத்தகத்தில், காட்டு யானையின் கழுத்தில் பட்டி கட்டி, அது எங்கே நிற்கிறது என்று கணினியில் பார்ப்பதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பறவைகளின் காலிலும் கருவி கட்டுவார்கள், விமான நிலையத்தில் பறவைக் கூட்டம் வருவதை ராடரில் பார்த்து விமானத்தை மறித்துவைப்பார்கள் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கையை உயர்த்தினார்.

"அந்தப் பட்டி எத்தினை வருசத்துக்கு வேலை செய்யும், ரீச்சர்?"

"பற்றரி முடியுமட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஏன் கேட்டார் என்று யோசிக்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை விமானப் பாதுகாப்புப் பாடம். பெல்ட் பூட்டுவது, மூச்சுக் கவசம் போடுவது எல்லாம் சுகமாக நடந்தது. அவசரமாக இறங்கும்போது பையை விட்டுவிட வேண்டும் என்ற வசனத்தில் வகுப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பை ஆயத்தமாகத் தொங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள். ஓடித் திரிந்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் வீட்டிலும் இருக்கிறது.

"உறுதியெல்லாம் அதுக்கைதானே ரீச்சர், என்னெண்டு விட்டிட்டு இறங்கிறது?" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிர் போனபிறகு உறுதி என்னத்துக்கு?" என்று சத்தம் போட்டேன்.

"ஐ வில் லீவ் மை பாக்," என்று வாசலோரத்திலிருந்து பிழையில்லாமல் ஒரு குரல்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாருங்கோ, அக்காவுக்கு விளங்கியிருக்கு. ஏன் விடவேணும் எண்டும் சொல்லுங்கோ, அக்கா."

"அண்டைக்கு ஒரு கையில பை, மற்றக் கையில பிள்ளை," என்றார். "செல் விழுந்து வெடிச்சோடன சனம் இடிச்சுது. நான் பையைத்தான் இறுக்கிப் பிடிச்சிட்டன், ரீச்சர்."

புத்தகத்தை மூடினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

பயணத்துக்கு முதல்நாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்து ஒரு பழைய பையை நீட்டினார். உள்ளே மகனின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பள்ளிக்கூடப் படம், அவனைத் தேடிப் போன அலுவலகங்களில் கொடுத்த பதிவுத் துண்டுகள்.

"பிளேனில விடச் சொன்னால் விடத்தானே வேணும். அவன்ர எண்டு இது மட்டுந்தான் இருக்கு. நீங்கள் வைச்சிருங்கோ."

எங்கள் பைக்குப் பக்கத்தில் அதையும் கொழுவினேன். இனி ஓடவேண்டி வந்தால், எங்கள் உறுதி கிடந்து எரியட்டும், நான் அந்தப் பையைத்தான் தூக்குவேன்.