திருவிடந்தைச் சுவரில் எழுதிய எண்

நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள் என்று என் மனைவி அமிர்தவல்லி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நியாயம்தான். நான் மாமல்லபுரத்தில் பார்த்த பாம்பு வருஷத்துக்கு ஒரு அடி வளர்கிறது. ஆனால் இதில் கழிக்க ஒன்றுமில்லை. நடந்தது நடந்தபடி. அதுவும் பட்டப்பகலில்!

அணுபுரத்தில் ஓய்வு பெற்ற நாங்கள் ஐந்து பேர் நாலு வருஷமாக ஒரு போன் வைத்திருக்கிறோம். குடியை விட முடியாதவர்கள், மனசு உடைந்தவர்கள் கூப்பிடலாம். அரசின் உதவி எண் 14416 இருக்கிறது. ஆனாலும் சிலருக்கு உள்ளூர்க் குரல் வேண்டும். ஆளுக்கொரு நாள் முறை. கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது.

திருவிடந்தையில் மதுக்கடைக்குப் போகும் வழியில், ஒரு சுவரில் எங்கள் எண்ணை எழுதினேன். அணு ஆலையில் முப்பத்தாறு வருஷம் வால்வுகளுக்குத் தகர அச்சு வைத்து எண் அடித்த கை; சுவருக்கும் அதே அச்சுதான். சரிபார்க்க வேண்டுமா என்ன! கீழே என் பெயரையும் பெரிதாகப் போட்டேன்.

மூன்று வாரம். அந்தச் சுவரைப் பார்த்து ஒரு அழைப்பும் இல்லை.

பிறகு தாவீது என்று ஒருவன் வந்தான். மறைமலைநகரில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, சுவரில் இருந்த பெயரை விசாரித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு. மாலை 4.10.

"அண்ணாத்த, இருவது நாளா குடிக்கல. செத்துடலாம்னு இருந்தேன். உங்காளுதான் பேசிப் பேசியே நிறுத்திட்டாரு."

"எங்களுக்கு ஒரு போனும் வரலையேப்பா?"

"இன்னா, விளையாடுறியா? தெனம் பேசிகினு கீறேன்!"

போனைக் காட்டினான். எங்கள் எண் 6-இல் முடியும். அவன் அழைத்தது 9. அச்சைத் தலைகீழாக வைத்துவிட்டேன்!

விழுந்து விழுந்து சிரித்தேன். தாவீது சிரிக்கவில்லை.

"ஒண்ணுதான் பேஜாரா கீது. எத்தினி நேரம் பேசினாலும்... இதுல நேரமே ஏற மாட்டேங்குது."

என் போனில் அந்த எண்ணை அழுத்தினேன். 4.25.

மணி அடிக்கவில்லை. நேராக அலைச் சத்தம். ஸ்ஸ்ஸ்...

"சொல்லு. கேட்டுகினுதான் கீறேன்."

இளம் குரல். நடுவே மூச்சே இல்லை. திரையில் 00:00. பார்த்துக்கொண்டே இருந்தேன். 00:00.

"யாருப்பா நீ?"

ஸ்ஸ்ஸ்...

"செவுத்துல கீறத அழிச்சிடாத, நைனா. தாவீது இன்னும் தேறல."

நான் தாவீதின் பெயரைச் சொல்லவில்லை. அழிப்பேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை 7.30. எண்ணைத் திருத்தப் பெயிண்ட் டப்பாவோடு சுவர் முன்னால் நின்றேன். எதிர்வீட்டுச் சந்திரம்மா இறங்கி வந்தாள்.

"யோவ், என் புள்ள நம்பர இன்னாத்துக்கு எழுதி வச்சிக்கீற?"

"உங்க பையனா? நேத்து பேசினேனே..."

"பேசினியா? ஜான்சன் கடல்ல வுழுந்து செத்து ரெண்டு வருஷம் ஆவுதுயா!"

உள்ளே போய் ஒரு பழைய பட்டன் போனை எடுத்துவந்தாள். சிம் இல்லை. அவன் கடைசியாக அழைத்த எண்களைக் காட்டினாள்.

2023 மார்ச் 3. மாலை 5.52 முதல் 6.40 வரை. பதினொரு அழைப்புகள். எல்லாம் ஒரே எண்.

எங்கள் எண்.

"ஒருத்தரும் எடுக்கல. எடுத்திருந்தா இருந்திருப்பான். இது யாரு நம்பருன்னு தெரியுமா சார்?"

கை தானாக டப்பாவை மூடியது.

அந்த எண்ணை நான் அழிக்கவில்லை. கீழே எங்களுடையதையும் எழுதினேன். தாவீது இரண்டுக்கும் பேசுகிறான். குடிக்காமல் நாற்பத்தாறு நாள் ஆகிறது.

2023 மார்ச் 3 வெள்ளிக்கிழமை. என் முறை. பேத்தி சஹானாவின் பிறந்தநாள்.

போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பேய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.